மார்கழிக் குளிரில் ஃபைட்டர் மீனுக்கு 26 டிகிரி

வணக்கம் மக்களே. காலை ஐந்தரை மணி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்து பேசுகிறேன். வெளியே மலையே தெரியாத அளவுக்குப் பனி. இன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் மாற்றும் நாள், அதை அப்படியே உங்களுக்குக் காட்டுகிறேன். முதல் வேலையாக ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி விட்டேன். அது ஆற ஒரு கால் மணி நேரம் ஆகும், அதுவரை பேசுவோம்.

இந்தப் பக்கெட்டைப் பாருங்கள். ராத்திரி பிடித்து வைத்த தண்ணீர். தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டுகிறது. பக்கத்திலேயே நம்ம ஃபைட்டர் மீன் நீலன் இருக்கிற தொட்டி, அதில் 26. ஒரே ஹால், ஒரே ராத்திரிதான். அந்த 6 டிகிரியில் என் முதல் மீனை நான் இழந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக் குடுவையோடு ஒரு சிவப்பு ஃபைட்டர் வாங்கி வந்தேன். "ஃபைட்டர்தானே, எதில் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஒரு மார்கழிக் காலையில் குடுவையை முழுசாகக் கழுவி, மொட்டைமாடி டேங்க் தண்ணீரைக் குழாயில் பிடித்து ஊற்றினேன். அடுத்த நிமிஷமே அவன் அடியில் போய் ஒருக்களித்துப் படுத்தான். விசிறி போல விரிந்திருந்த துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. செவுள் மட்டும் அசைந்தது. இரண்டாம் நாள் அதுவும் நின்றுவிட்டது. நோய் வந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அவனைக் கொன்றது நான் ஊற்றிய தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது.

ஃபைட்டருக்கு இன்னொரு பெயர் பெட்டா, இதன் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே நெல் வயலிலும் சதுப்பிலும் வாழ்கிற மீன். வயலில் முழங்கால் தண்ணீரில் வாழ்கிறதே, குடுவையில் வாழாதா என்று கேட்பார்கள். வயல் தண்ணீர் பரந்து கிடக்கிறது, அடியில் சூடான மண் இருக்கிறது. ஒரு லிட்டர் குடுவைக்கு அதெல்லாம் கிடையாது. நம் அறை எப்படியோ அது அப்படியே ஏறி இறங்கும். மீனுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் குறையும், நோயை எதிர்க்கிற சக்தியும் குறையும். அந்த நேரத்தில்தான் வெள்ளைப் புள்ளி நோயும் துடுப்பு அழுகலும் வரும்.

24-இல் இருந்து 28 டிகிரி வரை இவனுக்கு ஒத்துக்கொள்ளும். நான் 26-இல் வைத்திருக்கிறேன். 25 இருந்தாலும் 27 இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பகலில் 27, விடியலில் 20 என்று தினமும் ஆடுவதுதான் எனக்குப் பயம். நம் மாவட்டத்தில் பனிக்காலம் அப்படித்தானே இருக்கிறது? மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி ஸ்வெட்டர் தேடுவோம்.

இது 20 லிட்டர் தொட்டி, உள்ளே இருப்பது 25 வாட்ஸ் ஹீட்டர். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுனுக்குப் போதும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் இன்னும் அதிகம், இதே தொட்டிக்கு 50 வாட்ஸ் போடுங்கள். கரண்ட் பில் ஏறும் என்று வீட்டில் சொன்னால் கணக்கைக் காட்டுங்கள்: நாள் பூராவும் நிற்காமல் ஓடினாலும் 25 வாட்ஸுக்கு 0.6 யூனிட்தான். ஹீட்டரில் இருக்கிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையதில் 26 வைத்தால் தண்ணீர் 28-க்குப் போகிறது, அதனால் 24-இல் வைத்திருக்கிறேன். தனியாக ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

சரி, ஹீட்டர் ஆறிவிட்டது. சூடாக இருக்கும்போதே தண்ணீரை இறைத்தால் அதன் கண்ணாடி வெளியே தெரிந்து வெடித்துவிடும், அதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம். 5 லிட்டர் எடுத்துவிட்டேன். இப்போது கலக்கிறேன், பாருங்கள். பக்கெட்டில் 20 டிகிரியில் 4 லிட்டர். அதில் 50 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர். கலக்கிவிட்டுப் பார்த்தால்... 26. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரின் போக மருந்து விடுங்கள். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். மோட்டார் போட்டதும் நேராகப் பிடித்தால் மார்கழியிலும் வெதுவெதுவென்று வரும், ஆவி பறக்கும். மாடி டேங்கில் ஒரு ராத்திரி நின்றால்தான் சில்லிட்டுப் போகிறது. மாம்பழ சீசனில் அதே டேங்க் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். இரண்டு காலத்திலும் அதை நேராக ஊற்றாதீர்கள்.

மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டா மேலே வந்து காற்றை நேராக வாயில் வாங்குகிற மீன், அதற்கென்றே தலையில் தனி உறுப்பு இருக்கிறது. அதனால் தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றும் சூடாக இருக்க வேண்டும். பனிக்காலத்தில் நான் மூடியைத் திறந்து வைப்பதே இல்லை. கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிப் போர்வை, நான்கு பக்கமும் தெர்மோகோல். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32-ஐத் தொடும்போது மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டுவேன், இல்லையென்றால் துள்ளி வெளியே விழுந்துவிடுவான். டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் படுகிற மாதிரி திருப்பி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போடவே போடாதீர்கள்.

மெதுவாக ஊற்றுகிறேன், ஓரமாக. நீலன் பக்கெட்டைப் பார்த்து நகரவே இல்லை, துடுப்பும் மடங்கவில்லை. தெர்மாமீட்டரில் 25.8. ஹீட்டரைப் போட்டாச்சு, சிவப்பு விளக்கு எரிகிறது. இதோ, மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கண்ணாடியில் வந்து முட்டுகிறான், தீனி கேட்கிறான். மூன்று உருண்டை போட்டுவிட்டு வருகிறேன்.