கிளவுடில் குடியேறும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நான்கு பேராக மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரின் கொள்முதல் கணக்குச் செயலியை எந்தக் கிளவுட் தளத்தில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினியில், ஏற்றுவது என்று சென்ற மாதம் மூன்று நாள் வாக்குவாதம். "நமக்குத் தெரிந்த நிரல் மொழி பைத்தான். அதை ஓட்டும் தளமாக இருந்தால் போதுமே, அண்ணா" என்றார் எங்களில் இளையவர். நான் தலையாட்டவில்லை. சூடு கண்ட பூனை நான்.

2008 ஏப்ரலில் கூகுளின் கிளவுட் தளமான ஆப் எஞ்சின் வந்தபோது அதற்குத் தெரிந்த ஒரே மொழி பைத்தான். ஜாவாக்காரர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். அந்தப் பைத்தானும் முழுதாகக் கிடைக்கவில்லை. சி மொழியில் எழுதிய துணை நூலகங்கள் ஏறாது, கோப்பில் எதையும் எழுத முடியாது, தரவுத்தளமும் நாம் பழகிய, அட்டவணைகளாகத் தரவை வைக்கும் எஸ்க்யூஎல் வகை இல்லை. 'மொழி ஆதரவு உண்டு' என்ற ஒரு வரிக்குள் இத்தனை நிபந்தனைகள் ஒளிந்திருந்தன.

என்னைச் சுட்டது வேறொரு தளம், பெயர் வேண்டாம். பைத்தான் 2 பதிப்புக்கு 2020 ஜனவரி 1 அன்று ஆயுள் முடிந்தது. பதிப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மாற்றினோம். மறுநாள் வியாபாரி ரசீதைத் தூக்கிக்கொண்டு வந்தார்: ஊர்ப் பெயருக்குப் பின்னால் பெரிய இடைவெளி, தொகை தாளுக்கு வெளியே போயிருந்தது. 'பண்ருட்டி' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. பைத்தான் 2 அதை 27 பைட்டுகளாக, அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகுகளாக, எண்ணியிருக்கிறது. பைத்தான் 3 புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாகச் சேர்த்து ஒன்பது குறியீடுகளாக எண்ணுகிறது. 30 இடம் ஒதுக்கி மீதியை வெற்றிடத்தால் நிரப்பும் கட்டத்தில் முன்பு மூன்று வெற்றிடம் விழுந்தது, இப்போது 21. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்துப் பார்த்த எங்கள் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் டாக்கர் 2013இல் வந்த பிறகு மொழிக் கவலை பாதி தீர்ந்தது. மூட்டைக்குள் எந்த மொழி என்று தளம் கேட்பதில்லை. தளமே நிலைக்குமா என்பதுதான் மிச்சக் கவலை. செல்பேசிச் செயலிகளுக்கான பார்ஸ் தளத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கி, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. ஆனால் ஓராண்டு அவகாசம் தந்து, சர்வர் நிரலையும் யாரும் எடுத்து ஓட்டும்படி திறமூலமாக வெளியிட்டது. அது கௌரவமான மூடல் என்பேன். ஹெரோகு என்ற கிளவுட் தளம் இன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் அதன் இலவசத் திட்டம்தான் போனது. அதை நம்பிச் சோதனைச் செயலிகளை வைத்திருந்தவர்கள் அவசரமாக வேறிடம் தேடினார்கள்.

ஆகவே மூன்றாம் நாள் முடிவு செய்தோம்: டாக்கர் மூட்டை, எங்கும் கிடைக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், மாதம் கொஞ்சம் வாடகை. அந்தத் தளம் மட்டுமே தரும் தனி வசதிகளைத் தொடுவதில்லை. இளையவருக்கு அதில் வருத்தம்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை, தளத்தை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு ஓர் ஒத்திகை பார்த்தோம். காப்புப் பிரதியை எங்கள் பழைய மேசைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது காலை பத்து மணிக்கு. செயலி எழுந்தது மாலை நாலரைக்கு. கணக்கு சரியாக இருந்தது, ரசீது மட்டும் அச்சாகவில்லை. பிரிண்டர் அமைப்பை நாங்கள் எங்கும் குறித்து வைக்கவில்லை. இளையவர் இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.