சுலைமானியாவில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

அவையோர்க்கு வணக்கம்.

இஸ்தான்புல்லில் உதுமானியர் கட்டிய பள்ளிவாசல் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், சுலைமானியாவுக்குப் போங்கள். நீலப் பள்ளிவாசலில் முண்டியடிக்கும் கூட்டம் இங்கே இருக்காது. ஹாகியா சோபியாவில் வெளிநாட்டுப் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள்; இங்கே அதுவும் கிடையாது. சுல்தான் சுலைமானுக்காக அரண்மனையின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1550-இல் தொடங்கி 1557-இல் முடித்த கட்டடம் இது. அவசரமாக நுழைந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால், 'பெரிய குவிமாடம்' என்பதற்கு மேல் மனத்தில் ஒன்றும் தங்காது. காரணம், சினான் தன் வேலையில் பாதியை ஒளித்து வைத்திருக்கிறார்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலோர் ஏமாறுவது அதில்தான். இது இன்றும் ஐவேளைத் தொழுகை நடக்கும் பள்ளிவாசல். பொதுவாகத் தொழுகைக்கு அரை மணி முன்பே பயணிகளை வெளியே அனுப்பத் தொடங்குவார்கள். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் மறுபடி உள்ளே விடுவார்கள். நண்பகல் தொழுகையான லுஹர் ஆண்டு முழுக்கப் பகல் 1 மணியை ஒட்டித்தான் வரும். நகர்வது பிற்பகல் தொழுகையான அஸர். ஜூன் மாதத்தில் அது மாலை 5 மணியைத் தாண்டும், டிசம்பரில் 3.30-க்கு முன்பே வந்துவிடும். கோடையில் பிற்பகல் மூன்று மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிற இடத்தில், குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. குளிர்காலத்தில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்னும் கூட்டுத் தொழுகை, பிற்பகல் 2.30 வரை உங்களுக்கு இடமில்லை என்றே திட்டமிடுங்கள். அன்றன்றைய தொழுகை நேரத்தைத் துருக்கியின் சமய விவகாரத் துறையான தியானெத் இணையத்தில் வெளியிடுகிறது.

உடை விஷயத்தில் நம் பெண்களுக்குச் சிரமமே இல்லை. முழுக்கைச் சுடிதாரும் துப்பட்டாவும் போதும். பட்டுத் துப்பட்டா தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், பருத்தி நல்லது. சேலை கட்டினால் இடுப்பும் கையும் மறையும்படி ஒரு சால்வை. ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது. வாசலில் இரவல் துணி கொடுப்பார்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் எத்தனை தலைகள் அதைப் போர்த்தினவோ!

நேரம் தெரிந்தது, உடை சரி. ஆனாலும் உடனே உள்ளே போகாதீர்கள். வெளியே பக்கச் சுவரை ஒட்டி ஒரு முறை நடந்து பாருங்கள். இரண்டு அடுக்குத் தாழ்வாரம் தெரியும். அதன் அடியில் ஒளுச் செய்வதற்கான, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதற்கான, குழாய்கள் வரிசையாக இருக்கும். முற்றத்து நடுவில் இருக்கும் அழகான சிறு நீர்மண்டபத்தைப் படம் எடுக்கிறவர்கள் இந்தக் குழாய்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் சினானின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய குவிமாடம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். தள்ளுவதைத் தாங்க உதைசுவர்கள் வேண்டும். ஹாகியா சோபியாவில் அவை வெளியே மலைபோல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சினான் உதைசுவரின் பாதிக் கனத்தைச் சுவருக்கு வெளியிலும் பாதியை உள்ளேயும் வாங்கி, இரண்டு பக்கமும் தாழ்வாரத்தால் மூடிவிட்டார். தூண்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தால் அந்தக் கனத்த சுவரின் விளிம்பு தெரியும்.

அப்படியே மினாராக்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு. கட்டடத்தை ஒட்டிய இரண்டும் உயரமானவை, சுற்றிலும் நீட்டிய மும்மூன்று மாடங்கள் (பால்கனி). முற்றத்தின் வெளி மூலைகளில் இருப்பவை குட்டை, இரண்டிரண்டு மாடங்கள். ஆக 10 மாடங்கள். சுலைமான் பத்தாவது உதுமானிய சுல்தான், இஸ்தான்புல் கைக்கு வந்த பின் நான்காமவர் என்பதற்கான கணக்கு இது என்பார்கள்.

இனி உள்ளே. வாசற்படியில் ஒரு காலணியைக் கழற்றி அந்தக் காலைக் கம்பளத்தில் வையுங்கள். பிறகு மற்றதைக் கழற்றுங்கள். காலணியோடு கம்பளத்தையும் மிதிக்கக் கூடாது, காலுறையோடு வெளிக்கல்லையும் மிதிக்கக் கூடாது. மழைநாளில் இந்த வரிசை பிசகினால் ஈரக் காலுறையோடு அடுத்தவர் நெற்றி வைக்கும் இடத்தில் நடப்பீர்கள். காலணியைப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளலாம், மரத்தட்டிலும் வைக்கலாம்.

பயணிகளுக்கான எல்லையை மரத்தடுப்பு காட்டும். அதற்குப் பின்னால் கம்பளத்தில் உட்காருங்கள். உட்கார யாரும் தடை சொல்ல மாட்டார்கள். தொழுகிறவர்கள் நோக்கும் மக்கா திசையான கிப்லா பக்கம் காலை நீட்டாதீர்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள், அவர் முகத்தைப் படமும் எடுக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

மேலே குவிமாடம். உயரம் சுமார் 53 மீட்டர், விட்டம் சுமார் 26.5 மீட்டர். அதை நான்கு பெரும் தூண்கட்டுகள் தாங்குகின்றன. முன்னும் பின்னும் மட்டும் அரைக்குவிமாடங்கள். பக்கங்களில் சன்னல்கள் நிறைந்த நெடுஞ்சுவர்கள். அந்தப் பக்கங்களில் நிற்கும் நான்கு ஒற்றைக்கல் தூண்களில் ஒன்று அலெக்சாந்திரியாவிலிருந்தும் இன்னொன்று லெபனானின் பாலபெக்கிலிருந்தும் வந்ததாகச் சொல்வார்கள். இப்போது வெளியே பார்த்த உதைசுவரை உள்ளே தேடுங்கள். இங்கேயும் பக்கத் தாழ்வாரம் அதை மூடியிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்தவருக்குத்தான் நடுக்கூடம் ஏன் இவ்வளவு திறந்து கிடக்கிறது என்பது பிடிபடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. விளக்கு வளையங்கள் தலைக்குச் சற்று மேலேயே தொங்கும். அவற்றின் கம்பிகள் குவிமாடப் படத்தை அறுத்துக்கொண்டு இறங்கும். தவிர்க்க முயலாமல் அவற்றையும் சேர்த்தே எடுங்கள், உயரத்தின் அளவு அப்போதுதான் தெரியும். எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், காற்றோட்டம் புகையைத் தலைவாசலுக்கு மேலிருந்த அறைக்கு இழுத்துச் சென்றதாம். அங்கே படிந்த கரியை எடுத்து எழுதுமை செய்தார்களாம்.

கிப்லா சுவரில் இஸ்னிக் என்ற ஊரில் செய்த வண்ண ஓடுகள் அளவாகத்தான் இருக்கும். நீலப் பள்ளிவாசலைப் போல எங்கும் நீலத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். குவிமாடத்து வண்ண வேலையில் பின்னாள் கை நிறைய உண்டு. 1660-இல் தீ, 1766-இல் நிலநடுக்கம், 19-ஆம் நூற்றாண்டில் ஃபொசாட்டி சகோதரர்கள் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்களின் பழுதுபார்ப்பு. இவையெல்லாம் கடந்து வந்த கூரை அது.

கிப்லா சுவருக்குப் பின்னால் அடக்கத்தலம்: சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரெமும் தனித்தனிக் கல்லறை மண்டபங்களில். சினானின் கல்லறை வளாகத்துக்கு வெளியே ஒரு தெருமுனையில் சிறிதாக இருக்கும், விசாரித்துப் போங்கள். பசித்தால் பள்ளிவாசலுக்கு எதிரே வரிசையாக அவரைக் கறிக் கடைகள். 'குரு ஃபசூல்யே' என்று கேட்டால் சோற்றோடு தருவார்கள்.

வரும்போது மெட்ரோவில் வெஸ்னெஜிலெர் நிலையத்தில் இறங்குங்கள், ஏற்றம் மிச்சம். திரும்பும்போது எமினோனு படகுத்துறைப் பக்கம் இறங்கி நடக்கலாம். கல் பாவிய சரிவு, மழையில் வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு போகாதீர்கள்.