வேடிக்கை பார்க்கும் இடமும் புழங்கும் இடமும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் இப்போதே போனைக் கையில் எடுத்துவிட்ட பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். சாதாரண மக்கள் அன்றாடம் அதிகம் புழங்குவது எல்லோரும் பார்க்கும் பொதுத் தளங்களிலா, தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் அரட்டைச் செயலிகளிலா? ஃபேஸ்புக், யூடியூப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாம் அந்த அணிக்கு. வாட்ஸ்அப்பும் அதன் பங்காளிகளும் எங்கள் அணிக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் பிரமாதமாகப் பேசினார், கைத்தட்டலும் வாங்கினார். பேசி முடித்து உட்கார்ந்தார், உட்கார்ந்த கையோடு போனை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் தலைப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பிடிக்கிறேன். புழங்குவது. வீட்டில் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த பாத்திரம் என்று ஒன்று இருக்கும், புழங்குகிற பாத்திரம் என்று ஒன்று இருக்கும். விருந்தாளி வந்தால் கண்ணில் படுவது அலமாரி. அடி நசுங்கி, கைப்பிடி ஆடிக்கொண்டு, தினமும் கழுவிக் கவிழ்க்கப்படுவது வேறு பாத்திரம். அண்ணன் தனக்குக் கொடுத்த நேரம் முழுக்க அலமாரியைப் பற்றித்தான் பேசினார்.

என்ன சொன்னார்? ஃபேஸ்புக்கை மாதம் 300 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்றார். உண்மைதான், 2023இல் அந்த நிறுவனமே சொன்ன எண். வாட்ஸ்அப்பும் 2025இல் 300 கோடியைத் தாண்டிவிட்டது என்று அதே நிறுவனம்தான் சொன்னது, ஆக எண்ணுக்கு எண் சரியாகப் போய்விட்டது. ஆனால் அந்த "மாதம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று அறிவிப்பு வந்து, மாதத்தில் ஒரே ஒரு நாள் ஃபேஸ்புக்கைத் திறந்து, "வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு மூடியவரும் அந்தக் கணக்கில் ஒரு ஆள்தான். எங்கள் பக்கத்து எண்ணும் அதே முழக்கோலால் அளந்ததுதான், அதனால் அதைக் காட்டி நான் ஜெயிக்கப் பார்க்கவில்லை. இரண்டு எண்ணையும் மேசைக்கு அடியில் வைத்துவிடுவோம்.

அடுத்து யூடியூப்பை இழுத்தார். இங்கே நான் கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டும். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கில் அந்த நாட்டுப் பெரியவர்களில் 83 சதவீதம் பேர் யூடியூப் பார்க்கிறார்கள், 68 சதவீதம் பேர் ஃபேஸ்புக் பக்கம் போகிறார்கள். அண்ணன் இதோடு நிறுத்திக்கொண்டார். அதே பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு வெறும் 29 சதவீதம்தான், அவர் சொல்லாமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது மேல். அங்கே போனோடு வந்த குறுஞ்செய்தியும் ஐபோனுக்குள்ளேயே இருக்கும் ஐமெசேஜும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. செயலியின் பெயர்தான் வேறு, ஆளும் பேரும் தெரிந்து பேசிக்கொள்கிற வேலை அதேதான்.

யூடியூப் விஷயத்துக்கு வருவோம். பார்க்கிறோம், மணிக்கணக்கில் பார்க்கிறோம், நானும் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியாக அதில் ஒரு காணொளி ஏற்றியது எப்போது? கடைசியாக ஒரு கருத்து எழுதியது? தொலைக்காட்சி பார்க்கிறவரை "தொலைக்காட்சியில் புழங்குகிறார்" என்று யாராவது சொல்வோமா? அது வேடிக்கை பார்க்கும் இடம். திருப்பி ஒன்றும் சொல்ல வேண்டாம், போகாவிட்டாலும் "ஏன் வரவில்லை?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வி வராத இடத்தைப் புழங்கும் இடம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எக்ஸ், அதாவது 2023 ஜூலை வரை ட்விட்டராக இருந்தது. உலகமே அங்கேதான் பேசுகிறது என்றார் அண்ணன். உலகம் எங்கே பேசியது? அதே ப்யூ மையம் 2019இல் எண்ணிப் பார்த்தது: அமெரிக்கப் பெரியவர்களில் 22 சதவீதம் பேர்தான் ட்விட்டரில் இருந்தார்கள், அவர்கள் எழுதிய பதிவுகளில் 80 சதவீதத்தை எழுதியது அதிலும் பத்தில் ஒருவர். நடுவில் நிற்கும் சராசரி ஆள் மாதத்துக்கு இரண்டு பதிவு போட்டார். இரண்டு! நம் வீட்டுப் பெரியப்பா காலையில் பல் தேய்ப்பதற்குள் அனுப்பிவிடுவார் அதைவிட அதிகமாக. பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் அங்கே இருப்பதால், அங்கே எழுந்த சத்தம் மறுநாள் செய்தியாகி, நமக்கு உலகமே அங்கே இருப்பதுபோலத் தெரிகிறது.

சரி, இப்போது எங்கள் வீட்டுக்குள் வாருங்கள்.

வாட்ஸ்அப் எப்படிப் பிறந்தது என்பதே எங்கள் அணிக்குச் சாட்சி. 2009இல் ஜான் கூம் அதைத் தொடங்கியபோது அது அரட்டைச் செயலியே இல்லை. போனில் உள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வரி தெரியும், "வேலையில் இருக்கிறேன்", "சார்ஜ் குறைவு" என்பது மாதிரி, அவ்வளவுதான் திட்டம். ஊருக்கு அறிவிக்கும் பலகை, அதாவது அண்ணனுடைய கட்சி. ஆனால் ஐபோனில் உடனடி அறிவிப்பு வசதி வந்தவுடன், ஒருவர் அந்த வரியை மாற்றினால் நண்பர்களுக்கெல்லாம் தகவல் போக, அவர்கள் பதிலுக்குத் தங்கள் வரியை மாற்ற, பலகையிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. அப்புறம்தான் கூம் அதைச் செய்தி அனுப்பும் செயலியாகத் திருத்தி எழுதினார். கையில் அறிவிப்புப் பலகையைக் கொடுத்தாலும் மக்கள் அதைத் திண்ணையாக்கிக்கொண்டார்கள். ஐந்து வருடத்தில், 2014இல், ஃபேஸ்புக் இந்தத் திண்ணையை 1,900 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. மேடை வைத்திருந்தவரே திண்ணைக்கு இவ்வளவு விலை பேசினார் என்றால் கூட்டம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே நுழைவதும் எளிது. பயனர் பெயர் யோசிக்க வேண்டாம், கடவுச்சொல் மறந்துபோய்ப் பேரனைக் கூப்பிட வேண்டாம், போன் நம்பர் இருந்தால் போதும், அதில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் பெயர்கள்தான் நண்பர் பட்டியல். எழுதத் தெரியாதா, கண் மங்கலா, 2013இல் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது, பட்டனை அழுத்திப் பேசினால் முடிந்தது. 2022இல் அந்த நிறுவனம் சொன்ன கணக்குப்படி நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடி வாய்ஸ் மெசேஜ். அவற்றில் பாதி "கேட்குதா? கேட்குதா?" என்றுதான் தொடங்கியிருக்கும், ஆனாலும் 700 கோடி 700 கோடிதான்.

"காலை வணக்கம்" படங்களை அண்ணன் கிண்டல் செய்தார். ரோஜாப்பூ, சூரியன், ஆவி பறக்கும் கோப்பை, அதன்மேல் ஒரு பொன்மொழி. சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் குடும்பக் குரூப்பில் தனியாக இருக்கும் ஒரு சித்தப்பா உண்டு, தினமும் ஆறரைக்கு அவர் படம் வந்துவிடும், ஒருவரும் பதில் போடமாட்டோம், திறந்துகூடப் பார்க்கமாட்டோம். ஒருநாள் எட்டு மணிவரை வரவில்லை. ஒன்பதரைக்குள் நான்கு பேர் தனித்தனியாக அவருக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒன்றுமில்லை, சார்ஜர் வேலை செய்யவில்லையாம். அந்த ரோஜாப்பூவை நாங்கள் யாரும் படமாகப் பார்க்கவில்லை, வருகைப் பதிவாகப் பார்த்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இன்ஸ்டாகிராமில் நீங்கள் ஒருநாள் படம் போடவில்லை என்று ஒன்பதரைக்குள் நான்கு பேர் கூப்பிடுவார்களா? நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் கூப்பிட மாட்டார்கள்.

சண்டையும் எங்களிடம்தான். நீல டிக் 2014 நவம்பரில் வந்தது, அதுவரை "பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்பித்தவர்கள் எல்லாம் அன்றோடு மாட்டிக்கொண்டார்கள். முன்பெல்லாம் குரூப்பைவிட்டு யாராவது வெளியேறினால் எல்லோருக்கும் ஒரு வரி தெரியும், அதற்கு விளக்கம் கேட்டு மூன்று பேர் பேசுவார்கள், சமாதானத்துக்கு ஒருவர் போவார். 2022இல் சத்தமில்லாமல் வெளியேறும் வசதியைக் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கூடுகிற இடத்தில் இப்படி ஒரு வசதி எதற்கு? உறவு இருக்கும் இடத்தில்தான் கோபித்துக்கொண்டு போகவே ஒரு வழி வேண்டியிருக்கிறது. குடும்பக் குரூப் ஒன்று, அதிலிருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டுத் தொடங்கிய இரண்டாவது குரூப் ஒன்று, எந்தக் குரூப்பில் எதைச் சொல்லலாம் என்று மூளைக்குள் ஒரு கணக்கு. தப்பிப்போய் முதல் குரூப்பில் போட்டுவிட்டு "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" தேடுகிற அந்த நொடி இருக்கிறதே, அதைவிட அன்றாடமான ஒன்றை அண்ணன் காட்டட்டும்.

வதந்தியும் எங்கள் வீட்டில்தான் பரவுகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஒரே செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குரூப்புக்கு மேல் ஒரேயடியாக ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறிவந்த செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் என்று இன்னும் இறுக்கினார்கள். வண்டி ஓடாத தெருவில் யாரும் வேகத்தடை போடுவதில்லை, நடுவர் அவர்களே.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் 4. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க ஒன்றாகப் படுத்துவிட்டன. இரண்டு அணியின் வீரர்களும் ஒரே நேரத்தில் களத்தில் இல்லை, இதைவிட நியாயமான சோதனை கிடைக்குமா? என்னதான் ஆச்சு என்று பார்க்கப் பலர் ட்விட்டருக்குப் போனார்கள், அதை அண்ணனுக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் குடிபோனது எங்கே? அன்று ஒரே நாளில் 7 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்ததாக டெலிகிராமை நிறுவிய பாவெல் துரோவ் சொன்னார். டெலிகிராம், இன்னொரு அரட்டைச் செயலி. வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால் பக்கத்துக் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், நின்றுபோன நீரூற்றுக்கு யார் குடம் தூக்குவார்கள்?

வாட்ஸ்அப் காலூன்றாத நாடுகளிலும் இதே கதைதான். சீனாவில் 2011 முதல் வீசாட், தென்கொரியாவில் 2010 முதல் காக்காவோடாக். ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் தொலைபேசி இணைப்புகள் திணறியபோது, உறவினர்கள் ஒருவரையொருவர் எட்ட வழி வேண்டும் என்று அடுத்த சில மாதங்களில் உருவாக்கப்பட்டதுதான் லைன். மொழி வேறு, நிறுவனம் வேறு, மக்கள் கைநீட்டிய பொருள் மட்டும் ஒன்று.

கடைசியாக எதிரணியின் சொந்தச் சாட்சியையே கூப்பிடுகிறேன். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2023இல் ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார்: பதின்ம வயதினர் தங்கள் செயலியில் பொதுப் பதிவுகளைவிட ஸ்டோரியிலும், ஸ்டோரியைவிடத் தனிச் செய்திகளிலும்தான் அதிக நேரம் செலவிடுகிறார்களாம். அண்ணனுடைய கோட்டைக்குள்ளேயே எங்கள் திண்ணையைக் கட்டிவிட்டார்கள் பிள்ளைகள். ரீல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்துச் சிரித்தவுடன் கை எங்கே போகிறது? அந்த அம்புக்குறிக்கு. அங்கே பார்த்ததை இங்கே ஒருவருக்கு அனுப்பி, "உன்னைப் போலவே இருக்கான் பார்" என்று ஒரு வரி எழுதினால்தான் நமக்குப் பார்த்த திருப்தியே வருகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்தப் போன் விஷயம் மட்டும் பாக்கி. அண்ணன் உட்கார்ந்ததும் எடுத்தார் என்றேன் இல்லையா, அதற்குப் பிறகு நான் பேசும்போதும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். எந்தச் செயலி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் சட்டைப் பையிலும் அதிர்ந்தது. இந்தப் பட்டிமன்றத்துக்காக நாம் எல்லோரும் சேர்ந்து தொடங்கிய குரூப்பில் அவர் "எப்படிப் பேசினேன்?" என்று கேட்டிருக்கிறார். எல்லோருமே பார்த்தாச்சு, நீல டிக் விழுந்தாச்சு, ஒருவரும் பதில் போடவில்லை. அண்ணே, நன்றாகத்தான் பேசினீர்கள். கீழே இறங்கியதும் நான் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுகிறேன்.