அந்த வாளியை ஓரமாக வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தீயை அணைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, கருத்துப்போன கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகச் சுவரைத் துடைக்க ஆரம்பிக்கிறார்கள். வீட்டை அந்தக் கோலத்தில் பார்க்க மனசு தாங்காது, கை சும்மா இருக்காது. எரிந்த வீடுகளைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. கெஞ்சிக் கேட்கிறேன், அந்த வாளியை ஓரமாக வையுங்கள்.

புகைக்கரி வெறும் தூசி இல்லை. நுண்ணிய கரித்துகளோடு எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும். ஈரத்துணி பட்டால் அது பெயின்ட்டுக்குள் ஏறிக் கறையாகிவிடும். அதனால் முதல் சுற்று முழுக்க உலர்ந்த வேலைதான். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரின் முனையைச் சுவரில் தொட்டும் தொடாமலும் நகர்த்த வேண்டும். அப்புறம், கரி எடுக்கவென்றே விற்கும் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தேய்க்கக் கூடாது. ஸ்பாஞ்சின் முகம் கருத்துவிட்டால் திருப்பிப் பிடியுங்கள். எல்லாப் பக்கமும் கருத்தால் மேல்பகுதியைச் சீவி எறியுங்கள். நனைத்தால் அது எதற்கும் உதவாது.

சோப்புத் தண்ணீர் அதற்குப் பிறகுதான். அப்போது திசை மாறும்: கீழிருந்து மேலே கழுவுவோம். அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டால், அந்தக் கோட்டை எடுப்பது பெரும்பாடு.

அப்படியானால் எதிலுமே அவசரம் வேண்டாமா? வேண்டும், வேறு இடத்தில். தீயணைக்க அடித்த தண்ணீர் மெத்தையிலும் கம்பளத்திலும் நின்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அவற்றை முதலில் வெளியேற்றுங்கள். அடுத்தது உலோகம். பிவிசி குழாயோ ஒயரோ எரிந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வந்திருக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். பளபளப்பான குழாயும் கைப்பிடியும் அரிக்கத் தொடங்கிவிடும். சுவர் காத்திருக்கும், குழாய் காத்திருக்காது.

எதையும் எறிவதற்கு முன் போட்டோ எடுங்கள், காப்பீட்டுக்குத் தேவைப்படும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். வெப்பமோ புகையோ பட்ட மருந்து, உணவு, டின்னில் அடைத்த உணவு உட்பட, குப்பைக்குத்தான்.

என்னை அதிகம் அலைக்கழிப்பது வேறொரு வகை வீடு. அடுப்பில் மறந்துபோன இறைச்சி கருகியிருக்கும், தீ பரவியிருக்காது. சுவர் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் நாற்றம் குடலைப் புரட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பசை எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். கொழுப்பு நீக்கும் திரவத்தால் ஒவ்வொரு பரப்பையும் துடைத்தே ஆகவேண்டும். ஒருமுறை எல்லாம் முடித்துக் கிளம்பும்போதும் நாற்றம் போகவில்லை. தேடித் தேடி, கடைசி அறையின் மூடிய அலமாரியில், இழுப்பறைகளின் அடிப்பக்கத்தில் கண்டுபிடித்தேன். சூடான புகை குளிர்ந்த இடம் தேடிப் போய்ப் படியும்.

நேராகப் பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்பார்கள். வாசனையை அடைக்கும் பிரைமர் பூசாமல் அடித்தால், ஈரப்பதம் ஏறிய முதல் நாளிலேயே புகை நாற்றம் சுவருக்குள்ளிருந்து திரும்பி வரும். அப்போது மறுபடியும் எனக்குத்தான் போன் வரும்.