பாசத்திடம் கணக்குக் கேட்கலாமா? – ‘பயிற்சியே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்ட முதியவருக்கும், அப்படிப்பட்ட மாற்றுத்திறனாளிக்கும் அவர்களுக்காக முடிவெடுக்கவும் அவர்கள் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வருகிறார். அந்தப் பாதுகாவலருக்கு முதலில் வேண்டியது பாசமா, பயிற்சியா? இதுதான் இன்றைய தலைப்பு. பயிற்சி என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று சொன்னார். பெற்றவரைப் பார்த்துக்கொள்ள யாரும் பாடம் படிக்க வேண்டாம், அது ரத்தத்தில் வரும் என்றார். சம்பளத்துக்கு வருபவர் கடிகாரத்தைப் பார்ப்பார், மகன் முகத்தைப் பார்ப்பான் என்றார். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தொழில்முறைப் பாதுகாவலர் ஒருவர் தன் பொறுப்பில் இருந்த முதியவர்களைச் சுரண்டிச் சிறைக்குப் போன கதையைச் சொல்லி, ‘இதுதானா உங்கள் பயிற்சி?’ என்று கேட்டார். அவை கைதட்டியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். முதலில் ரத்தத்தில் வரும் பாசத்தைப் பார்ப்போம்.

எண்பது வயது அம்மா. நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயரைப் பிசகாமல் சொன்னவர், இன்று காலையில் பெற்ற மகனையே யார் என்று கேட்கிறார். எதிரில் இல்லாத ஆட்களோடு பேசுகிறார். மகனுக்கு நெஞ்சு உடைந்துபோகிறது. மறதிநோய் வந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று அழுகிறான். வெளியே போய்விடுவாரோ என்று பயந்து கதவைப் பூட்டுகிறான். அலைச்சல் அடங்கட்டும் என்று கையில் கிடைத்த தூக்க மாத்திரையைக் கொடுக்கிறான். இவனுடைய பாசத்தில் எள்ளளவும் குறை இல்லை, நடுவர் அவர்களே. ஆனால் சாதாரணமாக மறதிநோய் ஒரே ராத்திரியில் வருவதில்லை. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. ஓரிரு நாளில் புத்தி தடுமாறினால் உடம்புக்குள் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். சோடியம் குறைந்திருக்கலாம். போன வாரம் தொடங்கிய புது மாத்திரையாக இருக்கலாம். நாலு நாளாக மலம் கழியாததுகூடக் காரணமாக இருக்கலாம். பல நேரங்களில் காரணத்தைக் கண்டு சரிசெய்தால் தெளிவு திரும்பிவிடும். மகன் கொடுத்த தூக்க மாத்திரை அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டும்.

பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? எப்போது தொடங்கியது, என்ன மருந்து மாறியது, தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று கேட்பார். காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போவார். இவற்றில் எதுவும் பெரிய வித்தை இல்லை, யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத அந்த மகன், அந்த ஒரு வாரத்திலேயே நீதிமன்றத்துக்குப் போய், ‘என் அம்மாவுக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை’ என்று உத்தரவு வாங்கிவிட்டால்? காய்ச்சலும் தொற்றும் போய்விடும். அம்மாவின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று எழுதிய காகிதம் நிற்கும்.

அடுத்து, முடிவெடுக்கும் திறன். இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலை என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. வீட்டை விற்பதன் விளைவைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவருக்கு, எந்த அறையில் படுப்பது, யாரைப் பார்ப்பது, எப்போது குளிப்பது என்று முடிவுசெய்யத் தெரியும். காலையில் தெளிவாக இருப்பவருக்கு மாலையில் மங்கும். அப்படியானால் முக்கியமான கேள்வியைக் காலையில் கேட்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தன் அடிப்படை விதிகளில் வைத்திருக்கிறது. திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவருக்குத் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அவரே முடிவெடுக்க எல்லா உதவியும் செய்து பார்க்க வேண்டும். புத்திசாலித்தனமில்லாத முடிவை எடுத்தார் என்பதற்காகவே அவரைத் திறனற்றவர் என்று சொல்லக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும், சட்டத்தின் முன் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமானவர்கள் என்கிறது. முடிவெடுக்க ஆதரவு கொடுங்கள் என்கிறது.

இந்த இடத்தில்தான் பாசம் தடுமாறுகிறது. பாசம் பயப்படும். அப்பா விழுந்துவிடுவார் என்று நடக்கவே விடாது. நடக்காத கால் சில வாரங்களில் பலம் இழக்கும், பலம் இழந்த கால்தான் அடுத்த முறை விழவைக்கும். மகளுக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்றால், யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று கையில் காசே கொடுக்காது. முப்பது வயதிலும் அவள் ஒரு பொருளைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கியிருக்க மாட்டாள். விழாமல் இருப்பதும் ஏமாறாமல் இருப்பதும் மட்டுமே வாழ்க்கை என்று எந்தப் பெரியவரும் தனக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். பிறருக்கு மட்டும் ஏன் அப்படி முடிவுகட்டுகிறோம்? காக்கப்படுபவர் ஓரளவு ஆபத்தை ஏற்கவும் உரிமை உள்ளவர் என்பதை ஒப்புக்கொண்டு, எந்த அளவு, எந்த இடத்தில் என்று யோசித்து, எழுதிவைத்து, கூட நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி.

உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை பாதுகாவலர் பொறுப்பின்கீழ் இருந்தார். அந்தப் பொறுப்பில் பெரும்பகுதிக் காலம் இருந்தவர் அவருடைய தந்தை. மேடையேறிப் பாடினார், இசைத்தொகுப்புகள் வெளியிட்டார், கோடிக்கணக்கில் சம்பாதித்தார். தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு மட்டும் அவர் கையில் இல்லை. 2021-இல் அவரே நீதிமன்றத்தில் பேசித்தான் உலகம் விழித்தது. அந்தக் குடும்பத்துக்குள் என்ன பாசம் இருந்தது, என்ன இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டியது ஒரு கேள்வி: ‘இது இவருக்கு இன்னும் வேண்டுமா?’ தன் பொறுப்பு எவ்வளவு சீக்கிரம் சுருங்கலாம் என்று அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது நல்ல பாதுகாவலரின் வேலை.

இனி பணம். உறவினர் கையில் இருக்கும் பணத்தை எதிரணி தொடவே இல்லை. நான் தொட்டே ஆக வேண்டும்.

மகன் பாதுகாவலன். அம்மா வாழ்ந்து முடித்தபின் மிஞ்சும் சொத்துக்கும் அவனே வாரிசு. அம்மாவுக்கு நல்ல செவிலியர் வைத்தால் அந்தச் செலவு யாருடைய பங்கில் குறைகிறது? மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் நின்றிருக்கும் இடம் அப்படி. நல்லவனுக்கும் அந்த இடம் வழுக்கும். ‘அம்மா பணம்தானே, எப்படியும் எனக்குத்தானே’ என்று தன் கடனைக் கட்டிவிட்டு, பிறகு போட்டுவிடலாம் என்று நினைப்பான். திருடுகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு வராது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று நாமும் சொல்லிச் சொல்லி அதற்கு மன்னிப்பு வழங்கி வைத்திருக்கிறோம்.

நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது பிறர் சொத்தை அவர் நன்மைக்காக மட்டுமே காக்கும் கடமை, அந்தப் புறங்கைத் தேனைக்கூட அனுமதிக்காத ஒழுக்கம். 1726-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு சந்தையின் குத்தகை உரிமை சிறுவன் ஒருவனுக்காக ஒரு பொறுப்பாளர் கையில் இருந்தது. குத்தகை முடிந்தது. சிறுவனுக்குப் புதுப்பித்துத் தர உரிமையாளர் மறுத்துவிட்டார். சரி என்று பொறுப்பாளர் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். சிறுவனுக்குக் கிடைக்கவே வழியில்லாத குத்தகை. பொறுப்பாளர் வாங்கியதால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த லாபம் முழுவதும் சிறுவனுக்கே சேர வேண்டும் என்று தீர்ப்பானது. உலகத்தில் எல்லாரும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், பொறுப்பாளர் ஒருவர் மட்டும் எடுக்கக் கூடாது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக இந்த விதி நிற்கிறது. இந்த நுணுக்கம் யாருக்காவது ரத்தத்தில் வருமா? நேர்மையான மனிதருக்கும் இதைச் சொல்லித்தான் தர வேண்டும்.

பயிற்சியில் இது நடைமுறையாக வரும். காக்கப்படுபவரின் பணம் அவர் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், தன் பணத்தோடு ஒரு நாள்கூடக் கலக்கக் கூடாது. பொறுப்பேற்றதும் சொத்துப் பட்டியல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். அவருடைய பொருளைத் தானோ தன் உறவினரோ வாங்கக் கூடாது. இந்தியாவில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் வாழ்நாளில் ஒரு கணக்கேடும் எழுதிப் பழகாத தாய்க்கு அதை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் வேண்டாமா? கற்றுக்கொடுக்காமல் கணக்குக் கேட்டால் அவர் குற்றவாளிபோலக் கூனிக்குறுகுவார். கற்றுக்கொடுத்துவிட்டால், தன் பிள்ளையின் பணத்தைத் தான் எவ்வளவு நேர்மையாகக் காத்தேன் என்று தலைநிமிர்ந்து காட்டுவார்.

இப்போது நெவாடாவுக்கு வருகிறேன். நடந்தது உண்மை. அந்தப் பாதுகாவலருக்கு 2019-இல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த முதியவர்களின் பிள்ளைகள் புகார் சொன்னார்கள், ஆண்டுக்கணக்கில் எடுபடவில்லை. அங்கே பாசம் விழித்திருந்தது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். தூங்கியது கண்காணிப்பு. ஆகவேதான் பயிற்சி என்று நான் சொல்வது சுவரில் மாட்டும் சான்றிதழை அல்ல. கணக்கைக் கொடுக்கத் தெரிந்த பாதுகாவலர், அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த அதிகாரி, தன் உரிமை தெரிந்த குடும்பம், மூன்றும் சேர்ந்தது. நெவாடாவும் அந்தப் பாதையில்தான் போனது. 2017-இல் பாதுகாவலர் பொறுப்பின்கீழ் வைக்கப்படுபவருக்கு வழக்கறிஞர் பெறும் உரிமையைச் சட்டமாக்கியது. கலிபோர்னியாவில் 2005-இல் ஒரு நாளிதழ் தொழில்முறைப் பாதுகாவலர்களின் முறைகேடுகளைத் தொடராக வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜெர்மனியில் 2023 முதல் இதைத் தொழிலாகச் செய்பவர் தன் துறையறிவை நிரூபித்துப் பதிவுசெய்ய வேண்டும். முறைகேட்டைக் கண்டபோது, எல்லாரும் பாசத்தை நம்புங்கள் என்று இந்த இடங்கள் சொல்லவில்லை.

முறைகேடு தொழில்முறையாளருக்கு மட்டும் சொந்தமும் அல்ல. ஜப்பான் 2000-இல் வயதுவந்தோர் பாதுகாவலர் முறையைத் தொடங்கியபோது, பாதுகாவலர்களில் மிகப் பெரும்பாலோர் உறவினர்கள். பணத்தைக் கையாடிய வழக்குகள் குவிந்தன, அவற்றிலும் பெரும்பங்கு உறவினர்களுடையதே. இன்று உறவினர் பாதுகாவலர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே நாட்டில் உள்ளாட்சிகள் சாதாரணக் குடிமக்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையும் பாதுகாவலர் ஆக்குகின்றன. அந்தக் குடிமக்கள் யாருக்கும் காக்கப்படுபவரோடு ரத்த உறவு இல்லை, அக்கறையோடு வந்து கற்றுக்கொண்டவர்கள்.

கடிகாரம் பார்ப்பவரா, முகம் பார்ப்பவரா என்ற கேள்விக்கு எதிரணி போட்ட கோடு இங்கே அழிகிறது. பயிற்சி என்றாலே மகனை விரட்டிவிட்டு அந்நியரைக் கொண்டுவருவது என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். புளோரிடாவில் தொழில்முறைப் பாதுகாவலருக்கு 40 மணி நேரப் பயிற்சி. நீதிமன்றம் நியமிக்கும் சாதாரணப் பாதுகாவலர், அவர் மகனாகவே இருந்தாலும், நான்கு மாதத்துக்குள் 8 மணி நேரம் படிக்க வேண்டும். எட்டு மணி நேரம்! ஒருவருடைய வீடு, வங்கிக் கணக்கு, மருந்து, படுக்கை, கையெழுத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் மகனிடம் ஒரு பகல்பொழுதைக் கேட்பது பாசத்துக்கு அவமானமா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். மாற்றுத்திறனுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் தினமும் ஒரு கேள்வியோடு படுக்கப் போகிறார்கள்: ‘நாங்கள் போனபின் இவனுக்கு யார்?’ அந்தத் தாயைவிடப் பாசம் உள்ளவர் உலகில் இல்லை. அவருக்கு எழுபது வயது, மகனுக்கு நாற்பது. எந்தச் சத்தம் அவனைக் கலங்கவைக்கும், வலி என்றால் எப்படிக் காட்டுவான், வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, அவன் பெயரில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாய்க்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாத முதல் நாள் காலையில் அந்த வீட்டுக்குள் நுழையப்போகும் ஆள் யார், அவர் கையில் என்ன இருக்கும், அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? பாசம் போதும் என்று சொல்லும் அணி இதற்குப் பதில் சொல்லட்டும்.