ராயப்பர் சொன்ன "தெரியாது": சிலுவை எடுப்பது என்றால் என்ன?

[காட்சி: ராயப்புரம். எதிரெதிர் வீடுகள். ஒரு திண்ணையில் ஒரு பைபிள், எதிர்த் திண்ணையில் இன்னொன்று.]

வணக்கம். இந்தத் தெருவில் ஒரு வீடு சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபை; எதிர்வீடு கத்தோலிக்கம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை இவர்கள் லெந்து என்பார்கள், அவர்கள் தவக்காலம் என்பார்கள். இரண்டு வீட்டு பைபிளிலும் லூக்கா 9:23-ஐத் திறந்து பாருங்கள். என்னைப் பின்பற்ற விரும்புகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு சொல்கிறார். சிஎஸ்ஐ வீட்டு பைபிளில் "தன்னைத்தான் வெறுத்து" என்று இருக்கிறது. கத்தோலிக்க வீட்டு பைபிளில் "தன்னலம் துறந்து".

வெறுப்பது வேறு, துறப்பது வேறு. மூலத்தில் என்னதான் இருக்கிறது?

[காட்சி: கரும்பலகை. "அர்னேயோமாய்" என்று எழுதும் கை.]

கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் அர்னேயோமாய். மறுப்பது, "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று கைவிரிப்பது. இதே சொல் லூக்கா 22:57-லும் வருகிறது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவு. முற்றத்தில் நெருப்பு. ஒரு வேலைக்காரப் பெண் இயேசுவின் சீடர் பேதுருவை அடையாளம் கண்டு சொல்கிறாள். பேதுரு மறுதலிக்கிறார்: "அம்மா, அவரை எனக்குத் தெரியாது."

பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய பெயர் ராயப்பர். நம் ஊருக்கே அவர் பெயரால்தான் ராயப்புரம் என்று பெயர் வந்தது என்பார்கள். ஆக, தன்னை மறுப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ராயப்புரத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராயப்பர் இயேசுவைப் பற்றிச் சொன்னதை, நாம் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு "நான் யார் தெரியுமா? எனக்கு முதல் மரியாதை எங்கே?" என்று சத்தம் போடுகிறானே, அவனைப் பார்த்து "யாருப்பா நீ? தெரியலையே" என்பது.

நாற்பது நாள் கறிமீன் தொடாதவர், திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பு தனக்குக் கிடைக்கவில்லை என்று சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கறியை விட்டுவிட்டார். அந்த ஆளை விடவில்லை.

[காட்சி: கழுத்துச் சங்கிலியில் தங்கச் சிலுவை. மெல்ல மங்கி, கரடுமுரடான மரக்கட்டை.]

சரி, சிலுவைக்கு வருவோம். சிரியாக் மொழியின் "ஸ்லீவா"தான் தமிழில் சிலுவை ஆனது. இயேசு பேசிய காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் குலை நடுங்கும். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த தண்டனை அது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் செய்த கலகம் கி.மு. 71-இல் ஒடுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுக சுமார் 6,000 பேரை அறைந்தார்கள். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழக்கூடாது என்று வாதாடியவர் ரோமப் பேச்சாளர் சிசரோ.

குற்றவாளி குறுக்குக் கட்டையைத் தோளில் சுமந்து ஊர் பார்க்க நடப்பான். திரும்பி வரமாட்டான். உயிருக்கு முன்னால் மானம் போய்விடும். "சிலுவையை எடுத்துக்கொண்டு வா" என்றதும் சீடர்கள் கண்முன் வந்தது இந்த ஊர்வலம்தான். மத்தேயுவிலும் மாற்கிலும் இல்லாத ஒரு சொல்லை லூக்கா சேர்க்கிறார்: "அனுதினமும்". தினமும் சாக முடியாது. தினமும் மானத்தை, மரியாதையை, நம் பங்கை விட்டுக்கொடுக்க முடியும்.

[காட்சி: குழாயடி. வரிசையாகக் குடங்கள்.]

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு வாழும் பெண்ணிடம், "பொறுத்துக்கோம்மா, அதுதான் உன் சிலுவை" என்று பெரியவர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்றுதான் இயேசு யோவான் 10:18-இல் சொல்கிறார். ஒருவன் செய்யும் கொடுமையை இன்னொருவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைக்க முடியாது. அந்த வீட்டில் தன்னை மறுக்க வேண்டியவன் அவன். "உன்னை நேசிப்பதுபோல் பிறனை நேசி" என்கிற அதே வேதம், உன்னையே வெறுத்துக்கொள் என்று எப்படிச் சொல்லும்? "வெறுத்து" என்ற சொல் நம் ஊரில் நிறையப் பேரைக் கஷ்டப்படுத்தியிருக்கிறது.

[காட்சி: காசிமேடு, விடியற்காலை. கரையேறும் படகுகள்.]

அப்புறம் ராயப்பர் என்ன ஆனார்? யோவான் நற்செய்தியில் அவர் மறுதலித்த முற்றத்தில் எரிந்தது கரிநெருப்பு. அதே சொல் கடைசி அதிகாரத்தில் திரும்ப வருகிறது. இரவெல்லாம் வலை போட்டும் மீன் கிடைக்காத ஒரு விடியல். உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்திருக்கிறார். சாப்பிட்ட பிறகு, "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார். மறுத்ததும் மூன்று முறைதான். பிறகு, "நீ வயதானபோது உன் கைகளை நீட்டுவாய், நீ விரும்பாத இடத்துக்கு இன்னொருவன் உன்னைக் கொண்டுபோவான்" என்கிறார்.

ரோமில் ராயப்பரைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது திருச்சபையின் பழைய மரபு. தன் ஆண்டவரைப் போல நேராகத் தொங்கத் தனக்குத் தகுதியில்லை என்று அவரே அப்படிக் கேட்டுக்கொண்டாராம்.