போர்வையை விடுங்க, பொடியனுக்கு முதல்ல ஐசி (தேசிய அடையாள அட்டை) எடுத்துக் குடுங்க

வணக்கம் உறவுகளே. இண்டைக்குக் கொஞ்சம் கோவமாத்தான் கதைக்கப் போறன். மழை தொடங்கினதும் அந்த வீடியோக்கள் திரும்ப வரத் தொடங்கிட்டு. மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில படுத்துக் கிடக்கிற பொடியனை எழுப்பி, முகத்துக்கு நேரா லைட் அடிச்சு, சோத்துப் பார்சலும் போர்வையும் குடுத்து, "உன்ட கதையச் சொல்லு தம்பி" எண்டு கேக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. நாளைக்கு வேலை குடுக்கப் போற முதலாளியும் அந்த முகத்தைப் பார்ப்பார்தானே? பதினெட்டுக்குக் கீழ உள்ள புள்ளயெண்டா கேமராவைத் தூக்கவே கூடாது.

போர்வையும் சரியில்ல. கார்த்திகை, மார்கழி மழையில தடிச்ச போர்வை ஒருக்கா நனைஞ்சா காயாது. மணக்கும், பாரம், தூக்கித் திரியவும் ஏலாது. மறுநாள் கடை விறாந்தையிலயே விட்டுட்டுப் போவான். தறப்பாள் துண்டு, ரெண்டு சாரன், ரப்பர் செருப்பு, இது போதும்.

இண்டைக்கு நான் சொல்ல வந்தது ஐசி. எங்கட ஊரில றோட்டில படுக்கிற இளம் ஆக்கள் கண்ணுக்குத் தெரியிற கொஞ்சப் பேர்தான். மத்தவங்க ஹோட்டல் குசினிக்குள்ள, கட்டிட்டிருக்கிற மாடியில, மீன்வாடியில படுக்கிறாங்க. வேலை செய்யிற இடமே படுக்கையும். முதலாளியோட சண்டை வந்தா ரெண்டும் அண்டைக்கே போயிடும். சிறுவர் இல்லத்தில இருந்து 18 வயசில வெளிய வந்தவன், அம்மா வெளிநாட்டில, அப்பா வேற குடும்பம் எண்டு ஆனவன், மலையகத் தோட்டத்தில இருந்து கடை வேலைக்கு வந்தவன், இவங்களில கனபேரிட்ட ஐசி இல்ல. ஐசி இல்லாட்டி சிம் அவன்ட பேரில எடுக்க ஏலாது, வங்கிக் கணக்கு இல்ல, ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லாத நாள்கூலிதான். பொலிஸ் மறிச்சாலும் கையில காட்ட ஒண்டுமில்ல. 1841 ஆம் ஆண்டு போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தில, பிழைக்க வழியில்லாம விறாந்தையில தங்குறதே குத்தமா எழுதிக் கிடக்கு.

15 வயசு முடிஞ்சா ஐசிக்கு விண்ணப்பிக்கலாம். முதல்ல வேணும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அதுக்குப் பிறந்த ஊருக்கே போகத் தேவையில்ல. 1960க்குப் பிறகு பிறந்தவங்கட பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலயும் கேக்கலாம். பிறந்த திகதி, பிறந்த ஆஸ்பத்திரி, அம்மாட முழுப்பேர், இந்த மூண்டையும் முதல்லயே கேட்டு எழுதி எடுத்துப் போங்க. அம்மாட பேரில எழுத்து மாறினா தேடி எடுக்கிறது கரைச்சல்.

பிரதி கிடைச்சதும் லெமினேட் பண்ணாதீங்க! நல்ல மனசோட பண்ணிக் குடுக்கிறாங்க, பிறகு சில இடத்தில எடுக்கவே மாட்டாங்க. வாயை அமுக்கி மூடுற சிப் (zip) வைச்ச பொலித்தீன் பை வாங்குங்க, தேத்தண்ணிக் காசுதான். ரெண்டு வாங்குங்க. பத்திரத்தை நாலா மடிக்காதீங்க, மடிப்பு சந்திக்கிற நடுவிலதான் முதல்ல கிழியும், எழுத்தும் அங்கதான் அழியும். ஒரேயொரு மடிப்பு, எழுத்து உள்பக்கம். காத்தை அமுக்கி வெளியேத்தி சிப்பை மூடுங்க. மறுகா அந்தப் பையைத் தலைகீழா மத்தப் பைக்குள்ள வையுங்க, ஒரு வாய் மேல, ஒரு வாய் கீழ. அப்பதான் ஒண்டு திறந்தாலும் மத்தது காப்பாத்தும். சேட்டுக்குள்ள உடம்போட வைக்கக்கூடாது, வேர்வையில மை பரவும். இன்னொரு போட்டோக் கொப்பியை நம்பிக்கையான கடைக்காரர் ஒராளிட்டக் குடுத்து வையுங்க. எனக்கு இந்த ரெண்டு பை முறை அவ்வளவு பிடிக்கும், எத்தினை தரமும் சொல்லுவன்.

பிறகு கிராம சேவகர், அதான் ஜி.எஸ். விண்ணப்பத்தில அவர்ட கையெழுத்து வேணும். முடிச்சு விழுறது இங்கதான். "உன்ட விலாசம் என்ன?" எண்டு கேட்டா பொடியன் பேசாம நிப்பான். பஸ் ஸ்டாண்ட் இருக்கிற பிரிவு ஜி.எஸ்ஸிட்டக் கூட்டிப் போனா அவருக்கு இவனைத் தெரியாது, கையெழுத்து வைக்க மாட்டார், அவரிலயும் பிழையில்ல. அம்மாவோ அம்மம்மாவோ வாக்காளர் இடாப்பில பதிஞ்ச பிரிவுக்குப் போங்க. அங்க ஒரு மாமி, சித்தி கூட வந்தா வேலை லேசு. பள்ளிக்கூடத்தில படிச்சிட்டிருந்தா அதிபர் உறுதிப்படுத்தலாம், தோட்டத்துப் புள்ளயெண்டா தோட்ட அத்தியட்சகர். இல்லத்தில வளர்ந்தவன் இல்லப் பொறுப்பாளரிட்டக் கடிதம் எடுத்திட்டுப் போகட்டும். ஜி.எஸ் வெளிக்களம் போற நாள் உண்டு, கதவில ஒட்டியிருக்கிறதைப் பார்த்துப் போங்க.

ஆ, பிறப்புப் பத்திரத்தில ஒண்டு விட்டுட்டன். பேர் எழுதுற கூடு வெறுமையாக் கிடக்குதா எண்டு பாருங்க. ஆஸ்பத்திரியில பேர் வைக்காமலே பதிஞ்சு, பிறகு சேர்க்காம விட்டது கனக்க இருக்கு. அதுக்குப் பேர் சேர்க்கிற விண்ணப்பம் தனியாப் போடணும், அது முடியாம ஐசி நகராது. பதிவே இல்லாட்டி, தேடிப் பார்த்து இல்ல எண்டு ஒரு கடிதம் எடுத்து, காலங்கடந்த பதிவுக்குப் போகணும். கிளினிக் கார்ட், பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், என்ன இருந்தாலும் கொண்டு போங்க.

போட்டோ, பதிவு செஞ்ச ஸ்டூடியோவிலதான். அவங்களே திணைக்களத்துக்கு அனுப்பி ரிசீட் தருவாங்க. அந்த ரிசீட்டும் பைக்குள்ள. போட்டோக்கு முதல் தலைமுடி வெட்ட, கொலர் சேட் ஒண்டுக்குக் காசு குடுத்தீங்களெண்டா அது போர்வையை விடப் பெரிய உதவி.

பொம்புளப் புள்ளைகள் விறாந்தையில தெரிய மாட்டாங்க. ஆற்றயோ வீட்டில வேலைக்கு, சிநேகிதிட வீட்டில மாறி மாறி. நீங்களே கூட்டிப் போய் வீட்டில வைக்காதீங்க. 18க்குக் கீழயெண்டா சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்க, இல்லாட்டி பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்க. பெரியவவெண்டா மகளிர் உதவி இலக்கம் 1938.

விண்ணப்பம் குடுக்கிற அண்டைக்கே, அட்டை எந்த விலாசத்துக்கு வரும் எண்டு கேட்டு எழுதுங்க. மாமிட வீட்டு விலாசமெண்டா மாமிட போன் நம்பரையும் அந்தப் பையிலயே வைக்கச் சொல்லுங்க. அட்டை வந்ததும் முதல் வேலை, அவன்ட பேரிலேயே ஒரு சிம்.